சேலத்தில் ஒரு மென்னோனைட் சபையின் பொன்விழா: எந்த நாளிலிருந்து எண்ணுவது, எப்படிக் கொண்டாடுவது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். சேலம் இரும்பாலையில் வேலை கிடைத்துத் தெலங்கானாப் பக்கமிருந்து வந்த சில குடும்பங்கள் வீட்டுக்கூட்டமாகத் தொடங்கிய மென்னோனைட் சபை, அதாவது தானாக விசுவாசித்து அறிக்கை செய்தவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் கிறிஸ்தவப் பிரிவு. இன்று தமிழும் தெலுங்குமாக 40 குடும்பங்கள். 50-வது ஆண்டு நெருங்குகிறது. தொடங்கியது 1977 என்று சில மூப்பர்களும் 1979 என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இளையவர்களுக்கு ஏற்காட்டில் கூட வேண்டும் என்று ஆசை, பெரியவர்களுக்குச் சேலத்திலேயே பந்தல் போட வேண்டும். ‘மென்னோனைட் சபைகள் ஆண்டுவிழாவை எப்படி நடத்தும், அதற்கென்று முறை ஏதும் உண்டா, கட்அவுட், சால்வை, ஃப்ளெக்ஸ் எல்லாம் கூடுமா?’ என்று முடித்திருக்கிறார். இதில் இடத்தையும் சாப்பாட்டையும் ஒரு மாதத்தில் முடிவு செய்துவிடலாம். எந்த நாளைத் தொடக்கமாக எடுத்துக்கொள்வது, அன்றைக்கு யார் யார் பெயரைச் சொல்வது என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி. சபை வரலாற்றையும் பழைய பதிவேடுகளையும் கையாளும் வேலையில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: பணத்திலும் நேரத்திலும் முதல் பங்கு பதிவேடுகளுக்கும் முதியவர்களின் நினைவுகளுக்கும் போகட்டும். மிச்சத்தில் பந்தல் போட்டால் போதும்.

முறை உண்டா என்றால், ஆண்டுவிழாவுக்கென்று எழுதிவைத்த முறை கிடையாது. ஆனால் இந்த மரபின் வரலாறே சில விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறது. 1525 ஜனவரி 21 அன்று சூரிக் நகரில் பெலிக்ஸ் மான்ஸ் வீட்டில் சிலர் கூடினார்கள். அங்கே கோன்ராட் கிரேபெல் ஜார்ஜ் பிளவ்ராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சுயமாக விசுவாசித்து அறிக்கை செய்த பெரியவருக்கு, அரசின் தடையை மீறிக் கொடுத்த ஞானஸ்நானம் அது. இரண்டே ஆண்டில், 1527 ஜனவரி 5 அன்று, மான்ஸை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். சபைக்குப் பெயர் தந்த மென்னோ சைமன்ஸ், 1536-ல்தான் நெதர்லாந்தில் குருத்துவத்தை விட்டு வெளியே வந்தார். ஆக இந்த மரபு கோயில் கட்டடத்தில் தொடங்கவில்லை, ஒரு வீட்டில் தொடங்கியது. அதனால் கட்டடப் பிரதிஷ்டை நாளிலிருந்து 50 எண்ண வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உலக மென்னோனைட் மாநாட்டு அமைப்பு ஜனவரி 21-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றை உலகெங்கும் உள்ள சபைகள் ஐக்கிய ஞாயிறாக அனுசரிக்கும்படி கேட்டுக்கொள்கிறது. 500-வது ஆண்டு நினைவை அந்த அமைப்பு 2025 மே 29 அன்று சூரிக்கிலேயே நடத்தியது. தொடக்கம் 1977 என்று உறுதியானால், உங்களுக்குப் பொருத்தமான நாள் 2027 ஜனவரி 24, ஞாயிறு. பொங்கல் விடுமுறையும் அதற்குள் முடிந்திருக்கும்.

தெலங்கானா வேர் என்றால் உங்கள் சபை அநேகமாக மென்னோனைட் பிரதரன் கிளையைச் சேர்ந்ததாக இருக்கும். இதைச் சபைப் பெரியவர்களிடம் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நடைமுறை இதனால் மாறும். அந்தக் கிளை 1860-ல் அன்றைய ருஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைன் பகுதியில், பிறந்தது. அங்கிருந்து 1889-ல் இந்தியா வந்த ஆபிரகாம் ஃபிரீசன் தம்பதி பாப்டிஸ்ட் மிஷனோடு சேர்ந்து நல்கொண்டாவில் ஊழியம் செய்தார்கள். பத்தாண்டு கழித்து, 1899-ல், அமெரிக்காவிலிருந்து என்.என். ஹீபர்ட் தம்பதி ஐதராபாத் வந்தார்கள். மகபூப்நகர், ஜட்சர்லா என்று உங்கள் முதியவர்கள் வாயில் வரும் ஊர்ப் பெயர்களெல்லாம் இந்த வழியில் வந்தவை. சத்தீஸ்கரின் தம்தரி, சாம்பா பக்கத்து மென்னோனைட் சபைகள் வேறு மிஷன்கள் வழியாக வந்தவை. பிரதரன் சபைகளில் ஞானஸ்நானம் முழுக்கு. மற்றக் கிளைகள் பலவற்றில் தலையில் நீர் ஊற்றுவது உண்டு. விழா மலரில் ‘மென்னோனைட்டுகள் எல்லாரும் இப்படித்தான்’ என்று எழுதிவிட்டால் அது பிழையாகிவிடும்.

இப்போது 1977-ஆ 1979-ஆ. இந்த மாதிரிச் சண்டைகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சொல்வது சரியாகவே இருக்கும். ஒருவர் முதல் ஜெபக்கூட்டத்தைச் சொல்வார், இன்னொருவர் முதல் ஞானஸ்நானத்தையோ முதல் திருவிருந்தையோ சொல்வார். ஆகவே ஒரு தாளை எடுத்து ஐந்து நாட்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: முதல் வீட்டுக்கூட்டம், முதல் ஞானஸ்நானம், முதல் மூப்பர் அல்லது போதகர் நியமனம், சங்கப் பதிவு, கட்டடப் பிரதிஷ்டை. ஒவ்வொன்றுக்கும் நேராக என்ன சான்று இருக்கிறது என்று குறியுங்கள். சங்கப் பதிவுச் சான்றிதழ் காணாமல் போயிருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். சபை நிலத்துக்குச் சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து, கிரயம் ஆன தேதியையும் பத்திர எண்ணையும் எடுத்துவிடலாம். இவை கெட்டியான தேதிகள், ஆனால் சபை பிறந்த தேதி ஆகாது. வீட்டுக்கூட்டம் நடந்து ஐந்து பத்து ஆண்டு கழித்துத்தான் யாரும் பதிவு செய்யப் போவார்கள்.

வீட்டுக்கூட்டத் தேதிக்கு மிக நல்ல சான்று நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் கிடைக்கும். அந்த வீட்டுக்காரரின் வேலை நியமன உத்தரவு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கடிதம், வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைச் சான்று இவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூட்டம் நடந்த வீட்டின் குடும்பத்தலைவர் 1978 ஜூனில்தான் வேலையில் சேர்ந்தார் என்று உத்தரவு சொன்னால், ‘அவர் வீட்டில் 1977-ல் கூடினோம்’ என்பது நிற்காது. அப்போது கூட்டம் அதற்கு முன் வேறு வீட்டில் நடந்ததா என்று தேட வேண்டும். வீட்டு வேதாகமத்தின் முதல் பக்கங்களில் பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகளை எழுதிவைக்கும் பழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. அந்தப் பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள். தெலுங்கு வேதாகமங்களையும் விட்டுவிடாதீர்கள். ஊரிலிருக்கும் தாய்ச்சபையின் உறுப்பினர் பதிவேட்டில் ‘சேலம் சென்றார்’ என்று இடமாற்றக் குறிப்பு இருக்கக்கூடும். ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். அந்தக் காலத்து மிஷனரி அறிக்கைகள் தேவைப்பட்டால் அமெரிக்காவின் ஃபிரெஸ்னோவில் இருக்கும் மென்னோனைட் பிரதரன் ஆய்வு மையத்துக்கு எழுதலாம். ஆனால் 1970-களில் சேலத்தில் நடந்த ஒரு சிறு வீட்டுக்கூட்டத்துக்கு அங்கே சான்று கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எல்லாம் தேடியும் தேதி உறுதியாகவில்லை என்றால், உறுதியாகவில்லை என்றே மலரில் அச்சிடுங்கள். ‘1977-க்கும் 1979-க்கும் இடையில் வீட்டுக்கூட்டம் தொடங்கியது, பதிவேட்டில் காணும் முதல் ஞானஸ்நானம் இந்தத் தேதி’ என்று எழுதுவதால் விழாவுக்குக் குறை வந்துவிடாது. சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்து, உள்ளதை உள்ளதென்று சொல்வதையே வழக்கமாக்கிக்கொண்ட ஒரு மரபு, தன் பிறந்தநாளை மட்டும் ஊகித்து அச்சடிப்பது பொருந்தாது. விழா ஆண்டை வாக்கெடுப்பில் தீர்மானிக்கலாம், வரலாற்றை வாக்கெடுப்பில் தீர்மானிக்க முடியாது என்பதை மட்டும் சபைக் கூட்டத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதியவர்களிடம் பேசுவதை இந்த வாரமே தொடங்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம், இதை முடியாது. செல்போனில் ஒலிப்பதிவு போதும், ஆனால் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை ஒரு துண்டின் மேல் வைத்து, அவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். ஃபேன் சத்தமும் மேசை அதிர்வும்தான் பதிவைக் கெடுக்கும் முக்கியக் காரணங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம். ‘எந்த வருஷம்?’ என்று தொடங்கினால் அவர் தடுமாறுவார். ‘யார் வீட்டில் கூடினீங்க? பாயா, பெஞ்சா? கரண்ட் இருந்ததா? பாட்டு யார் எடுத்துக் கொடுப்பாங்க? காணிக்கையை எதில் போட்டீங்க?’ என்று கேளுங்கள். இடமும் பொருளும் நினைவுக்கு வந்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் வருடம் வரும். வருடத்தைப் பிடிக்க எல்லாருக்கும் தெரிந்த சம்பவங்களைத் துணைக்கு வையுங்கள்: இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபருக்கு முன்னா பின்னா, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பருக்கு முன்னா பின்னா, சேலம் மாநகராட்சி ஆன 1994-க்கு முன்னா பின்னா. தெலுங்கில் சரளமாகப் பேசுகிறவரைத் தமிழில் பேசவைக்காதீர்கள், வீட்டில் பேசுகிற மொழியில்தான் நினைவு முழுசாக வரும். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். 20 பேருக்குக் கஞ்சி காய்ச்சியது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது, உண்டியல் கணக்கு எழுதியது எல்லாம் அந்த அம்மாக்கள்தான், ஆனால் மினிட்ஸ் நோட்டில் அவர்கள் பெயர் இருக்காது. என்னைக் கேட்டால், உங்கள் பொன்விழாவில் புதிதாக ஏதாவது வெளிவர வேண்டும் என்றால் அந்தப் பெயர்கள்தான் வெளிவர வேண்டும்.

கையில் கிடைக்கும் காகிதங்களை எப்படிக் கையாள்வது என்பதில் தவறு நடந்தால் திருத்தவே முடியாது. கிழிந்த ஞானஸ்நானப் பதிவேட்டில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி, காகிதத்துக்குள் இறங்கி, எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க வழியில்லை. கிழிந்த பக்கத்தை அப்படியே ஒரு வெள்ளைத் தாளுக்குள் வைத்து உறைக்குள் போட்டுவிடுங்கள். ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் துருவேறி ஓட்டை போடும், அவற்றைக் கழற்றி எடுங்கள். புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும், மை பரவும். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள்: இடமிருந்து வலமாக யார் யார், எந்த இடம், யார் கொடுத்த படம். ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்க வேண்டாம். பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெதுவாக அறுப்பதுபோல் ஓட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் ஆல்பத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் வைத்திருந்த படங்களிலும் நோட்டுகளிலும் ஈரத்தால் பூஞ்சை பிடித்திருக்கும். அதை ஈரத்துணியால் துடைத்தால் படத்தின் மேல்பூச்சே வந்துவிடும். நிழலில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டிவிடுங்கள்.

பதிவேடுகளை ஸ்கேனர் இல்லாமலே செல்போனில் நன்றாகப் படமெடுக்கலாம். ஜன்னல் ஓரம், நேர்வெயில் படாத வெளிச்சம், ஃப்ளாஷ் வேண்டாம். போனை நோட்டுக்கு நேர் மேலே பிடிக்க இரண்டு பக்கமும் சமமான உயரத்தில் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கண்ணாடித் தட்டோ பலகையோ வைத்தால் கை ஆடாது. வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள், அப்போதுதான் பக்கம் விட்டுப்போகவில்லை என்று பின்னால் தெரியும். கோப்புப் பெயரில் ஆண்டு, நோட்டின் பெயர், பக்க எண் மூன்றும் இருக்கட்டும். பிரதி மூன்று: ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று சேலத்துக்கு வெளியே யாராவது ஒருவரிடம். வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அளவு சுருங்கிவிடும், அச்சுக்கு ஆகாது.

விழா மலரைச் சிறிதாகப் போடுங்கள். டெம்மி அளவில் 64 பக்கம் போதும். 16-இன் மடங்காகப் பக்கம் இருந்தால் அச்சகத்தில் தாள் வீணாகாது. 40 குடும்பத்துக்கு 300 பிரதி தாராளம். விளம்பரங்களும் வாழ்த்துரைகளும் பாதியை அடைத்துக்கொண்டு, வரலாறு நான்கே பக்கத்தில் முடிந்துபோன மலர்கள் ஏராளம். வாழ்த்துரைக்கு ஆளுக்கு அரைப்பக்கம் என்று வரம்பு வையுங்கள். அச்சகத்தில் பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள் என்றால், நீங்கள் யூனிகோடில் கொடுத்ததை மாற்றும்போது கொம்பும் கிரந்த எழுத்தும் இடம் மாறும், சில வேளை சொல்லே மறைந்துபோகும். ஆகவே கடைசி மெய்ப்பைக் காகிதத்தில் வாங்கி வாசியுங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் அந்தந்தக் குடும்பத்தாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புத்தகத்தில் அப்பா பெயர் தப்பாக வந்தால் அந்த வருத்தம் ஆறாது. வெளிவந்த பிறகு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக்காப்பகத்துக்கும், ஷம்ஷாபாத்தில் உள்ள மென்னோனைட் பிரதரன் வேதாகமக் கல்லூரிக்கும் பிரதிகள் அனுப்புங்கள்.

50 ஆண்டில் சபை ஒருமுறையாவது பிரிந்திருக்கும், யாராவது மனஸ்தாபப்பட்டுப் போயிருப்பார்கள். அதை மலரில் எழுதுவதா என்று குழு கட்டாயம் திணறும். பிரிந்த ஆண்டையும், பிரிந்தவர்கள் எந்தச் சபையாகக் கூடுகிறார்கள் என்பதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். காரணத்தை, அதிலும் உயிரோடு இருப்பவர்மேல் குற்றமாக, எழுதாதீர்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவர்களுக்கே காட்டுங்கள். அழைப்பிதழைத் தபாலில் போடாமல் இரண்டு மூப்பர்கள் நேரில் போய்க் கொடுக்கட்டும். இந்த மரபில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. திருவிருந்துக்கு ஓரிரு வாரம் முன்பு சபையார் கூடி, ஒருவரோடொருவர் சமாதானமாக இருக்கிறோமா என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வார்கள். சில சபைகளில் இன்றும் இது நடக்கிறது, பலவற்றில் விட்டுப்போயிற்று. பொன்விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு இப்படி ஒரு மாலை வைத்தால், விழா நாளன்று பேசவேண்டிய பாதி அன்றைக்கே பேசி முடிந்திருக்கும்.

ஆராதனையில் கால் கழுவுதலைச் சேர்க்கச் சொல்வேன். 1632-ன் டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் எல்லா மென்னோனைட் சபைகளும் இதைச் செய்வதில்லை. உங்கள் சபையில் வழக்கமில்லை என்றால் முதலில் மூப்பர்களிடம் பேசுங்கள். பெரியவர்கள் 80 பேர் என்று கொண்டால் 40 ஜோடி. ஆறு பேசின், ஜோடிக்கு நான்கு நிமிடம் என்றால் அரை மணி நேரத்தில் முடியும். ஆண்களும் பெண்களும் தனித்தனி இடத்தில். வெதுவெதுப்பான நீர், ஒவ்வொரு ஜோடிக்கும் புது நீர், ஜோடிக்கு ஒரு கைத்தறித் துண்டு. சென்னிமலைத் துண்டு நீரை நன்றாக உறிஞ்சும், டர்க்கி டவல் நனைந்ததும் கனத்துவிடும். கழுவுகிறவர் உட்கார உயரம் குறைந்த முக்காலி, கழுவப்படுகிறவருக்குக் கைப்பிடியுள்ள நாற்காலி. கால் மூட்டு மடங்காதவர் முக்காலியில் உட்கார்ந்தால் எழ ஒருவர் தூக்கிவிட வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளின் காலில் புண் இருக்கலாம், அவர்களே மறந்திருப்பார்கள். முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள், புண் இருந்தால் கையைக் கழுவினால் போதும். தரையில் கோணிச்சாக்கு விரியுங்கள், சிமெண்ட் தரை நனைந்தால் வழுக்கும். வரமாட்டேன் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

விழாவை ஒட்டி ‘50 பேருக்கு ஞானஸ்நானம்’ என்று இலக்கு வைக்கும் பேச்சு எழுந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தானாக விசுவாசித்து, தானாகக் கேட்டுப் பெறுவதற்காகத்தான் 1525-ல் தொடங்கியவர்கள் உயிரையே கொடுத்தார்கள். ஆயத்தமாக இருவர் இருந்தால் இருவர், யாரும் இல்லையென்றால் இல்லை. பாட்டைப் பொறுத்தவரை, வாத்தியமில்லாமல் நான்கு குரலில் பாடுவது மேற்கத்திய மென்னோனைட்டுகளின் பெருமைக்குரிய வழக்கம். நம் கீர்த்தனைகள் ராகத்திலும் தாளத்திலும் நிற்பவை, அவற்றை நான்கு குரலாக உடைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பாட்டை மட்டும் வாத்தியமில்லாமல், தமிழில் ஒரு சரணமும் தெலுங்கில் ஒரு சரணமுமாகச் சபையே பாடட்டும். எட்டு வாரம் ஆராதனை முடிந்து பத்து நிமிடம் பழகினால் வந்துவிடும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் வேண்டுமென்றால் டிர்க் வில்லெம்ஸ் கதையைக் கொடுங்கள். 1569-ல் நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊரில், சிறையிலிருந்து தப்பி உறைந்த நீர்மேல் ஓடியவர், துரத்தி வந்த காவலன் பனி உடைந்து விழுந்ததும் திரும்பிப் போய்க் கைகொடுத்துத் தூக்கினார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். நாலு வெள்ளை வேட்டியை மேடையில் விரித்தால் பனி ஆகிவிடும், ஏழு நிமிடத்தில் முடியும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஏற்காடா சேலமா என்பதற்கு என் பதில்: முக்கிய ஆராதனையும் விருந்தும் சேலத்தில், ஏற்காடு வேறொரு நாளில் இளையவர்களுக்கு. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதுகுவலிக்காரரும் வாந்தி எடுப்பவரும் மேலே போய்ச் சேரும்போது ஆராதனைக்கு உட்காரும் நிலையில் இருக்க மாட்டார்கள். அந்த ஜனவரி 24-க்கு இரண்டு நாள் கழித்துக் குடியரசு தினம், நடுவில் ஒரு திங்கள்தான். அதையும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர்களால் மலைப்பாதையும் ஏரிக்கரையும் நிரம்பியிருக்கும். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, 50 பேருக்குள், இரண்டு மினி பஸ்ஸில் காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் மேலே சேர்ந்துவிடுங்கள். மே மாதக் கோடை விழா நேரத்தைத் தவிருங்கள், மாலை இடிமழையும் அப்போதுதான். மேலே சமைப்பதென்றால் ஒரு விஷயம்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பும் கொண்டைக்கடலையும் சேலத்தைவிட நேரமெடுக்கும், இரவே ஊறவையுங்கள். இலையைப் போட்டுவிட்டு ஆளில்லாமல் விட்டால் குரங்குகள் வந்துவிடும்.

சேலம் விருந்துக்கு 200 பேர் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன். சீரகச் சம்பா பிரியாணி என்றால் அரிசி 20 முதல் 22 கிலோ, கோழி 25 முதல் 28 கிலோ. பச்சடிக்குத் தயிர் எட்டு லிட்டர், வெங்காயம் எட்டு கிலோ. சைவம் சாப்பிடுபவர் 30 பேர் என்று தனி அடுப்பு, தனிக் கரண்டி. கேசரிக்குப் பதில் நம் ஊர் ஜவ்வரிசிப் பாயசம் வையுங்கள். மூன்று கிலோ ஜவ்வரிசிக்கு 12 லிட்டர் பால் போதும், வேகவைத்த நீரோடு சேர்ந்து 20 லிட்டருக்கு வரும். ஆறினால் கெட்டியாகிக் கரண்டியில் தொங்கும், பரிமாறும்போது தளர்த்தச் சூடான பாலைத் தனியே வைத்திருங்கள். வெல்லம் என்றால் பாகு ஆறிய பிறகே பாலைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். குடிக்க 20 லிட்டர் கேன் 20. மளிகையைச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்தமாக எடுத்தால் மிச்சமாகும், விலையை அந்த வாரம் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர். பந்தியில் பெரியவர்களும் விருந்தாளிகளும் முதலில் என்ற வரிசை வேண்டாம். சமையல் மாஸ்டரையும் பந்தல்காரரையும் அழைத்து உங்களோடு உட்கார வையுங்கள்.

பணத்திலும் சட்டத்திலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. வெளிநாட்டு மென்னோனைட் நண்பர் ‘விழாவுக்கு’ என்று சபைக் கணக்கில் பணம் போட விரும்பினால், வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. போதகரின் சொந்தக் கணக்கில் வாங்கிச் சபைக்குச் செலவழிப்பதும் தீர்வாகாது. சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் உட்காரலாம், அவரைப் பிரசங்கம் செய்யவைக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்னதாகவே எழுதி அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அனுமதி கிடையாது. உங்கள் சங்க விதிகளைப் பொறுத்த சிக்கலான கேள்வி ஏதும் இருந்தால் தணிக்கையாளரிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள், அதற்கு இந்தப் பதில் போதாது. கடன் வாங்கி விழா நடத்தாதீர்கள். சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ அதே தொகையைச் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு, பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ, ஒதுக்குங்கள். மென்னோனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பு 1942-ல் இந்தியா வந்ததே இப்படிப்பட்ட வேலைக்காகத்தான்.

கட்அவுட், சால்வை, ஃப்ளெக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாலை மரியாதை இந்தியச் சபைகளில் சகஜம், அதைத் தடுக்கும் பொது விதி எதுவும் இல்லை. ஆனாலும் போதகர் படம் போட்ட கட்அவுட் வேண்டாம் என்றே நான் சொல்வேன். மென்னோ சைமன்ஸ் தம் நூல்கள் எல்லாவற்றின் முகப்பிலும் 1 கொரிந்தியர் 3:11-ஐ அச்சிட்டார், கிறிஸ்துவைத் தவிர வேறு அஸ்திபாரம் இல்லை என்கிற வசனம். அதையே உங்கள் ஆண்டு வசனமாக வைத்துக்கொண்டு, மேடைக்குப் பின்னால் துணியில் கையால் எழுதிக் கட்டுங்கள். பக்கச்சுவரில் 50 ஆண்டின் ஞானஸ்நானப் பட்டியலை முழுசாக எழுதி ஒட்டுங்கள், பக்கத்தில் பென்சில் கட்டித் தொங்கவிடுங்கள். விட்டுப்போன பெயரைப் பார்க்கிறவர்களே எழுதிவிட்டுப் போவார்கள். அந்தத் தாளைக் கழற்றும்போது மடித்துப்போடாமல் படமெடுத்துப் பதிவேடுகளோடு சேருங்கள்.

விழா முடிந்த அடுத்த ஞாயிறு இரவல் வாங்கிய படங்களும் வேதாகமங்களும் ரசீது நோட்டைப் பார்த்து உரியவர் கையில் போய்ச் சேர வேண்டும். 30 நாளுக்குள் வரவு செலவு சபையில் வாசிக்கப்பட வேண்டும், மிஞ்சிய தொகை எதற்கு என்பதும் அன்றைக்கே தீர்மானமாக வேண்டும். ஒலிப்பதிவுகளில் யார் பேசியது, எந்தத் தேதி, எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி, ஸ்டீல் பீரோவில் சுவரை ஒட்டாத தட்டில், பதிவேடுகளோடு வையுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் முப்பது வயதுக்குள்ளானவராக இருக்கட்டும்.